பருவும் பூச்சும்

மனிதருக்கு வரும் நோய்களில் உயிரைக் குடிப்பவை உண்டு. உறக்கத்தை மட்டும் குடிப்பவையும் உண்டு. முகப்பரு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அது யாரையும் கொன்றதாக வைத்தியர்கள் சொல்வதில்லை. ஆயினும், 14 வயதுப் பெண் ஒருத்தி விடியற்காலையில் எழுந்து கண்ணாடிக்கு முன் நின்று, மூக்கின் நுனியில் இரவோடு இரவாக முளைத்து நிற்கும் சிவந்த கட்டியைக் காணும்போது, அன்றைய பரீட்சை மறந்துபோகிறது. காலைப் பலகாரம் கசந்துபோகிறது. பெரியவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். அவளுக்கோ அன்று பள்ளிக்கூடம் போவதே ஒரு தண்டனை.

வேடிக்கை பார்க்கிறவர்கள் பார்த்ததோடு நின்றாலும் பாதகமில்லை. நமது நாஞ்சில் நாட்டில் விசேஷங்களுக்குக் குறைவில்லை. சுசீந்திரத்துத் தேரோட்டம், மண்டைக்காட்டுக் கொடை, கோட்டாற்றுச் சவேரியார் திருவிழா, இவற்றுக்கு நடுவில் கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுதல். உறவினர் கூடும் அத்தகைய இடத்தில் அத்தை ஒருத்தி அந்தப் பெண்ணின் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, "என்ன மக்கா, முகமெல்லாம் இப்படிக் கிடக்கு?" என்று கேட்கிறாள். பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பந்திக்கும் போய்விடுகிறாள். அத்தையின் அன்பில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வி பெண்ணின் மனத்தில் ஆறு மாதம் குடியிருக்கிறது. அடுத்த கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்கிறாள். வந்தாலும் தலை குனிந்தே இருக்கிறாள். பிறகு ஒருநாள், "பவுண்டேஷன் வாங்கித் தாருங்கள்" என்று கேட்கிறாள்.

உடனே வீட்டில் ஒரு பார்லிமெண்டு கூடுகிறது. பாட்டி, கஸ்தூரி மஞ்சளையும் பயற்றம் மாவையும் சிபாரிசு செய்கிறாள். தாயார், "படிக்கிற வயசில் பூச்சு எதற்கு?" என்கிறாள். தகப்பனார் பத்திரிகைக்குப் பின்னால் மறைந்துகொள்கிறார். பெண்ணோ கைப்பேசியில் யாரோ ஒரு யுவதி பேசிய காட்சியைக் காட்டி, இன்ன பெயருள்ள குப்பிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். கடைக்காரர் மட்டும் எந்தக் கட்சியிலும் சேராமல், கையில் இருப்பதை விற்றுவிடுகிறார். இந்தப் பார்லிமெண்டில் பரு என்றால் என்ன, பூச்சு என்றால் என்ன என்ற இரண்டு கேள்விகளை மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆகவே அவற்றிலிருந்து நாம் தொடங்குவோம்.

நமது தோலில் உள்ள ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் அடியில் நெய் சுரக்கும் சிறு பை ஒன்று இருக்கிறது. அதில் ஊறும் நெய் மெல்ல மேலே வந்து தோலை வறளாமல் காக்கிறது. பருவம் எய்தும் வயதில் உடலில் ஊறும் புதிய சுரப்புகள் இந்தப் பைகளைத் தூண்டிவிடுகின்றன; நெய் பெருகுகிறது. மயிர்க்காலின் உள்சுவரிலிருந்து உதிரும் நுண்ணிய செதில்கள் அந்த நெய்யோடு குழைந்து வாயை அடைத்துக்கொள்கின்றன. அடைப்பு திறந்த வாயில் காற்றுப் பட்டு நின்றால் கரும்புள்ளி. மூடியபடியே இருந்தால் வெண்முள். உள்ளே தேங்கிய நெய்யில், எப்போதும் தோலில் வாசம் செய்யும் ஒரு கிருமி பல்கிப் பெருகினால், உடல் அதனோடு சண்டைக்குப் போகிறது. அந்தச் சண்டையின் அடையாளமே சிவப்பும் வீக்கமும் சீழும். இவ்வளவுதான் பரு.

12 வயது முதல் 24 வயது வரையுள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேருக்கு இது ஏதோ ஓர் அளவில் வருகிறது என்று தோல் வைத்தியர்கள் மதிப்பிடுகிறார்கள். பெண்களுக்கு மட்டும் வருவதுமல்ல, பையன்களுக்கும் வருகிறது. இளம் பிராயத்தில் அவர்களிடம் கடுமை அதிகமாகவும் இருக்கிறது. ஆனால் பையனைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க எந்த அத்தையும் வருவதில்லை. பரு அழுக்கினால் வருவதல்ல. ஆகவே ஒரு நாளைக்கு எட்டுத் தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தால் அது போகாது, தோல்தான் புண்ணாகும். காலையும் மாலையும் மிருதுவான சோப்பினால் கழுவினால் போதும். எலுமிச்சம் பழச் சாற்றைத் தேய்ப்பது, பற்பசையை வைப்பது, நகத்தால் கிள்ளுவது ஆகிய மூன்றும் புண்ணை வடுவாக்கும் வழிகள்.

ஒரு விஷயத்தை மட்டும் நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டும். தென்னை சூழ்ந்த நாடு நம்முடையது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்க்காத பிள்ளையைப் பரதேசிப் பிள்ளை என்று சொல்லுகிற ஊர். 1970-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துத் தோல் வைத்தியர்கள், தலைமயிருக்குக் கனத்த தைலம் பூசுகிறவர்களுக்கு நெற்றியிலும் பொட்டுப் பக்கத்திலும் வரிசையாகப் பருக்கள் தோன்றுவதைக் கண்டு, அதற்குத் 'தைலப் பரு' என்றே பெயர் சூட்டினார்கள். வடசேரிச் சந்தையில் வாங்கிய எண்ணெயானாலும் நெற்றியில் வழிந்தால் அதே வேலையைத்தான் செய்யும். எண்ணெய் தேய்ப்பதை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. குளிப்பதற்கு முன் தேய்த்து, அலசிவிடலாம். நெற்றியில் வழியவிட்டு, அதன்மேல் முன்மயிரையும் தொங்கவிட்டு, வெயிலில் பள்ளிக்கூடம் அனுப்புவதுதான் தவறு. பவுண்டேஷன் வாங்கும் முன்பு செய்யவேண்டிய இந்தக் காரியத்துக்கு ஒரு காசும் செலவில்லை.

இனிப் பூச்சுக்கு வருவோம். முகத்துக்கு நிறம் தீட்டுவது நமக்குப் புதிய வித்தையா? நாடக மேடையின் ஒப்பனைக்கு நம் மொழியில் 'அரிதாரம்' என்று பெயர். அரிதாரம் என்பது மஞ்சள் நிறமுள்ள ஒரு கனிப்பொருள்; பாஷாணமும் கந்தகமும் சேர்ந்தது. மலையாளத்துக் கதகளியிலும் இந்த வகைக் கல்லை அரைத்தே முகம் எழுதினார்கள். ஐரோப்பாவில் சீமாட்டிகள் ஈய வெள்ளையைப் பூசித் தோலையும் உடலையும் கெடுத்துக்கொண்டார்கள். நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்த காலத்தில், அரிதாரம் என்ற சொல்லே ஒரு தொழிலின் பெயராக நின்றது. மேடையிலிருந்து சினிமாவுக்கும், சினிமாவிலிருந்து வீட்டுக்கும் பூச்சு இறங்கி வந்தது. வர்ண சினிமாப் படங்களுக்காக மாக்ஸ் பாக்டர் என்பவர் ஹாலிவுட்டில் தொடங்கிய கம்பெனி தயாரித்த 'பான்கேக்' 1937-ல் திரையில் தோன்றி, மறு வருஷமே கடைகளில் விற்பனைக்கு வந்தது. இன்று பவுண்டேஷன் என்று நாம் சொல்லுவது அதன் பேத்தி.

அந்தக் குப்பிக்குள் இருப்பது மாயம் ஒன்றுமில்லை. வெண்மைக்கு டைட்டானியம் டையாக்ஸைடு. மஞ்சள், சிவப்பு, கறுப்பு நிறங்களுக்கு இரும்பின் ஆக்ஸைடுகள், அதாவது செம்மண்ணுக்கும் காவிக்கும் நிறம் கொடுக்கும் அதே பொருள்கள். இவற்றைத் தோலில் பரப்பி ஒட்டவைக்க நீர், எண்ணெய், மெழுகு, சிலிக்கோன் இவற்றில் சில. கெடாதிருக்கச் சில மருந்துகள். மணத்துக்கு வாசனைத் திரவியம். வர்ணப் பொடியினால் பரு வருவதில்லை. அதைச் சுமந்து வரும் எண்ணெயும் மெழுகும் எப்படிப்பட்டவை என்பதே பருவுள்ள முகத்துக்கு முக்கியம்.

இதை முதலில் ஆராய்ந்து சொன்னவர்களும் அந்தப் பிலடெல்பியாக்காரர்களே. பரு வயதைக் கடந்த பெண்களிடமும் மோவாயிலும் கன்னத்திலும் சிறு முட்கள் நீங்காதிருப்பதைப் பார்த்து, முகப்பூச்சே அதற்குக் காரணமாகலாம் என்று கிளிக்மன், மில்ஸ் என்ற இருவர் 1972-ல் எழுதினார்கள். எந்தப் பொருள் மயிர்க்காலை அடைக்கிறது என்பதை முயலின் காதில் பூசிப் பரீட்சித்தார்கள். அந்தப் பரீட்சைகளிலிருந்து அடைக்கும் பொருள்களின் பட்டியல் பிறந்தது. ஐசோப்ரோப்பைல் மிரிஸ்டேட், கோக்கோ வெண்ணெய், நம் தேங்காய் எண்ணெய் ஆகியவை அப்பட்டியலில் உண்டு. ஆனால் முயலின் காது மனிதர் கன்னத்தைவிட மிக எளிதில் அடைபடுகிற சுபாவம் உடையது. மேலும், ஒரு பொருள் தனியே அடைப்பதாக இருந்தாலும், சிறிதளவாகக் கலந்த முழுப் பூச்சு அடைத்தே தீரும் என்பதில்லை என்று 2006-ல் மனிதர் மேலேயே செய்து பார்த்த பரீட்சை காட்டியது. ஆகவே பட்டியலை ஜோசியப் பஞ்சாங்கமாகக் கொண்டு பயப்படவும் வேண்டாம். குப்பையில் எறியவும் வேண்டாம்.

குப்பியின் மேல் 'நான்-காமெடோஜெனிக்' என்று எழுதியிருக்கும். 'மயிர்க்காலை அடைக்காதது' என்று அதற்கு அர்த்தம். வாசகர்கள் ஒன்றை அறியவேண்டும். இப்படி எழுதுவதற்கு இன்ன பரீட்சையில் தேறியிருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் சட்டத்தில்கூட ஒரு பொது அளவுகோல் கிடையாது. கம்பெனிக்காரர்கள் தாங்களே பரீட்சித்து, தாங்களே மார்க்குப் போட்டுக்கொள்ளுகிறார்கள். பரீட்சை எழுதும் மாணவனே விடைத்தாளையும் திருத்தினால் எப்படி இருக்கும் என்பது உபாத்தியாயர்களுக்குத் தெரியும். அதற்காக அந்த வார்த்தை இல்லாத குப்பியை வாங்கலாமா? கூடாது. அந்த வார்த்தை உள்ளதையே எடுத்து, பிறகு நம் தோலின் சாட்சியத்தையும் கேட்க வேண்டும்.

"இவ்வளவு தொல்லை எதற்கு? பூசவே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது" என்று சில பெற்றோர் நினைக்கலாம். தீராது என்பதே நமது அபிப்பிராயம். ஜப்பான் தேசத்தில் பரு உள்ள பெண்களுக்குச் சிகிச்சை செய்துகொண்டே, அவர்களுக்கு ஏற்ற ஒப்பனையையும் முறையாகக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். பரு அதனால் அதிகமாகவில்லை. அவர்களுடைய மனவாட்டம் குறைந்தது என்று 2005-ல் வெளியான ஆராய்ச்சி சொல்லுகிறது. தலை நிமிர்ந்து நடப்பதற்கு ஒரு குழந்தைக்குச் சிறிது பூச்சு உதவுமானால், அதைப் பாபமென்று தள்ளுவானேன்? தவிர, இந்த நாட்டின் சரித்திரத்தையும் நாம் மறக்கலாகாது. தன் மார்பை மறைத்துத் துணி அணியும் உரிமைக்காக ஏழைப் பெண்கள் தெருவில் அடிபட்டு, பல வருஷம் போராடி, 1859-ல் திருவிதாங்கூர் ராஜாங்கத்திடமிருந்து உத்தரவு பெற்ற பூமி இது. தன் உடம்பின்மேல் எதை இடுவது, எதை உடுப்பது என்பதில் பெண்ணுக்கும் ஒரு சொல் உண்டு என்பதை நாஞ்சில் நாட்டாருக்கு வெளியூர்க்காரர் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. பெண் கேட்கும் குப்பியையும் துணியையும் ஒன்றாக நாம் நிறுக்கவில்லை. கட்டளையிடுவதற்கு முன் காது கொடுங்கள் என்றுதான் சொல்லுகிறோம்.

ஆனால் காது கொடுத்த பின் கண்ணையும் திறந்துகொள்ள வேண்டும். ஏனென்றால், பருவை மறைக்கப் பவுண்டேஷன் கேட்கப் போன பெண்ணின் கையில், பல கடைகளில், வேறொரு சிறு டப்பா ஏறுகிறது. "இதைப் போட்டால் ஒரு வாரத்தில் பருவும் போகும், நிறமும் வரும்" என்ற உபதேசம் அதோடு இலவசம். இந்த இடத்தில்தான் உண்மையான ஆபத்து உட்கார்ந்திருக்கிறது.

அந்த டப்பாக்கள் இரண்டு ஜாதி. முதலாவது, ஸ்டீராய்டு மருந்து கலந்த களிம்பு. பீட்டாமெதசோன், குளோபெட்டசோல், மோமெட்டசோன் என்ற பெயர்களை உறையில் காணலாம். இவை வைத்தியர் கையில் நல்ல மருந்துகள். முகப்பூச்சாகப் பூசினாலோ சத்துருக்கள். முதல் வாரத்தில் சிவப்பு தணிந்து முகம் பளபளக்கும். சில மாதங்களில் தோல் மெலிந்து, ரத்த நரம்புகள் தெரிந்து, புதுப் பருக்கள் கிளம்பி, பெண்ணின் கன்னத்தில் மயிரும் அரும்பும். நிறுத்தினால் முகம் எரியும். எரிச்சலுக்கு அஞ்சி மறுபடி பூசுவாள். இத்தகைய 14 களிம்பு மருந்துகளை வைத்தியர் சீட்டில்லாமல் விற்கலாகாது என்று இந்திய சர்க்கார் 2018 மார்ச்சில் உத்தரவு போட்டது. உத்தரவு இருக்கிறது. அது மருந்துக் கடைப் படியேறி வரவேண்டுமானால், வாங்குகிறவர்களும் சீட்டு இல்லாமல் கேட்காதிருக்க வேண்டும்.

இரண்டாவது, பாதரசம் கலந்த வெளுப்புக் களிம்பு. நம் பக்கத்து மலையாளத்தில், மலப்புறம் ஜில்லாக் கோட்டக்கல்லில் நடந்ததைக் கேளுங்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு அங்கு வந்த 22 பேரை வைத்தியர்கள் ஆராய்ந்தார்கள். சிறுநீரில் புரதம் ஒழுகி, கால் வீங்கும் நோய் அது. 15 பேரிடம் நோயின் தன்மை ஒரே மாதிரியாக, அபூர்வமானதாக இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள்! களிம்பை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. முகத்தில் பூசிய பாதரசம் தோல் வழியே ரத்தத்தில் இறங்கிச் சிறுநீரகத்தைத் தாக்கியிருக்கிறது. கேரள சர்க்காரின் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2023-ல் இந்தக் களிம்புகளைத் தேடிக் கடைகளில் சோதனை நடத்த வேண்டி வந்தது. களியக்காவிளையைத் தாண்டி இந்தப் பக்கம் வர ஒரு டப்பாவுக்கு எவ்வளவு நேரமாகும்?

இந்தியாவின் 2020-ம் வருஷத்து அழகுசாதன விதிகள் பாதரசம் சேர்த்துப் பூச்சுச் செய்வதைத் தடுக்கின்றன. கண் பக்கத்துக்கென்று உள்ளவை தவிர மற்றவற்றில், அறியாமல் கலந்துவிடும் பாதரசம்கூடப் பத்து லக்ஷத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கலாகாது. பாதரசத்தைக் குறித்த மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த தேசங்களும், பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை 2025-க்குள் ஒழிப்பதென்று 2023-ல் தீர்மானித்தன. சட்டத்துக்கு உட்பட்ட பூச்சு எது என்று சாதாரண மனிதர் அறிய வழி உண்டு. உறையில் செய்தவர் பெயரும் விலாசமும், லைசென்ஸ் எண்ணும், தொகுதி எண்ணும், எந்தத் தேதிக்குள் உபயோகிக்க வேண்டும் என்பதும், உள்ளே சேர்ந்த பொருள்களின் பட்டியலும் இருக்க வேண்டும். வெளிதேசத்துச் சரக்கானால் இறக்குமதி செய்தவர் விலாசமும் பதிவு எண்ணும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும், அதை விற்பவர் சொந்த மாமனே ஆனாலும், வாங்கலாகாது.

இவ்வளவு ஆபத்தையும் விலை கொடுத்து வாங்கத் தூண்டுவது எது? நிறத்தைப் பற்றிய நம் எண்ணந்தான். மாந்தளிரின் நிறத்தை 'மாமை' என்று பெயரிட்டு அழகுக்கே இலக்கணமாக வைத்தவர்கள் பழந்தமிழ்ப் புலவர்கள். அவர்கள் வாரிசுகளாகிய நாம், கல்யாண விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' தேடுகிறோம். 1975-ல் நம் தேசத்தில் விற்பனைக்கு வந்த 'பேர் அண்ட் லவ்லி' களிம்பு, உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பின், 2020-ல் 'வெளுப்பு' என்னும் பொருள்படும் சொல்லைத் தன் பெயரிலிருந்து எடுத்துவிட்டது. பெயர் மாறியது; நம் மனம் மாறிற்றா? சுதேசி என்பது டப்பாவின் மேல் அச்சிடும் முத்திரை மாத்திரமல்ல. டப்பாவுக்குள் இருப்பது சுதேசியாக இருந்து, வாங்குகிறவளின் நெஞ்சில் இருப்பது வெள்ளைக்காரி நிறமாக இருந்தால், அந்தச் சுதேசியத்துக்கு என்ன மதிப்பு?

பவுண்டேஷன் விஷயத்தில் இது வெறும் வேதாந்தமல்ல. கண்ணால் காணும் உண்மை. முகத்தைவிட இரண்டு படி வெளுத்த பூச்சைப் பூசினால் பரு மறையாது. முகம் சாம்பல் பூத்து, கழுத்து வேறு முகம் வேறாக நின்று, பருவின் மேடு முன்னிலும் நன்றாகத் தெரியும். தன் நிறத்துக்குச் சரியான பூச்சு ஒன்றே பருவை மறைக்க வல்லது. முன்னெல்லாம் கம்பெனிக்காரர்கள் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் ஒன்றிரண்டு குப்பிகளே செய்தார்கள். ரிஹானா என்னும் பாடகி 2017-ல் 40 நிறங்களில் ஒரே தடவையாகப் பவுண்டேஷன் வெளியிட்ட பிறகு, மற்றவர்களுக்கும் கண் திறந்தது. இன்று நம் நிறத்துக்குக் குப்பி இருக்கிறது. கேட்டு வாங்கும் தைரியந்தான் வேண்டும்.

வாங்கும் முறையைச் சொல்லுகிறோம். கடையின் மின்சார விளக்கில் எந்த நிறமும் பொய் சொல்லும். ஆகவே, சிறிது பூச்சைத் தாடை ஓரத்தில், கழுத்தும் கன்னமும் சந்திக்கும் இடத்தில் தடவிக்கொண்டு, தெருவாசலில் வெயில் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தோலோடு கலந்து காணாமற்போகிற நிறமே உரிய நிறம். புறங்கையில் பூசிப் பார்ப்பது பிரயோஜனமில்லை. கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. பூசியபின் அரை மணி நேரம் ஊரைச் சுற்றிவிட்டு மறுபடி பாருங்கள்; நெய்யும் வியர்வையும் பட்டுச் சில பூச்சுகள் கறுத்துவிடும்.

அடுத்தது தன்மை. தென்மேற்குப் பருவ மழையும் வடகிழக்குப் பருவ மழையும் இரண்டும் பெறுகிற ஜில்லா நம்முடையது. கடல் காற்றின் ஈரமும் சேர்ந்தது. கட்டியாகக் குழைந்த கிரீமும், குச்சி வடிவில் வரும் மெழுகுப் பூச்சும் இங்கே ஒரு மணி நேரத்தில் வழியத் தொடங்கும், மயிர்க்காலையும் மூடும். எண்ணெயில்லாதது, நீரைப்போல் இளகியது, மணமில்லாதது, இவையே பருவுள்ள தோலுக்கு நல்லவை. கனிப்பொடியாக வரும் பவுண்டேஷனையும் மெல்லத் தூவிக்கொள்ளலாம். டைமெதிக்கோன் என்னும் சிலிக்கோனைப் பட்டியலில் கண்டு பயப்பட வேண்டாம். அது பொதுவாக மயிர்க்காலை அடைப்பதில்லை.

வாங்கிய அன்றே முகம் முழுதும் பூசிக் கல்யாணத்துக்குப் புறப்படலாகாது. ஒரு வார காலம் ஒரு பக்கத்துத் தாடையில் மட்டும் பூசிப் பார்க்க வேண்டும். அரிப்போ தடிப்போ புது முட்களோ கிளம்பினால், விலையை நினைத்து வருந்தாமல் விட்டுவிட வேண்டும். அடைப்பு உடனே தெரிவதில்லை; சில வாரம் சென்றே முளைக்கும். ஆகையால் பிறகும் கவனம் வேண்டும். விலை அதிகமானால் குணமும் அதிகம் என்பதுமில்லை.

பூசுவதிலும் கண்ணியம் வேண்டும். முகம் முழுவதையும் சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல் மூட வேண்டியதில்லை. பரு ஆறிய இடத்தில் நம்மவர்களுக்குச் சிவப்பைவிடக் கறுத்த தழும்பே அதிகம் நிற்கும். அதன்மேல் முதலில் ஆரஞ்சு நிறச் சாயல் பூச்சைப் பொட்டாக வைத்து, அதன்மேல் தன் நிறப் பூச்சை ஒற்றினால் மறையும். தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். உடைந்து நீர் கசியும் பருவின் மேல் ஒன்றும் வேண்டாம். வெயிலில் தழும்பு இன்னும் கறுக்கும். ஆகையால், எண்ணெயில்லாத வெயில் தடுப்புப் பூச்சை அடியில் இடுவது அவசியம். வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு களைப்பானாலும், பூச்சைக் கழுவாமல் படுக்கலாகாது.

பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் நாம் காண்பது ஒன்று உண்டு. ஒரு ஒப்பனைக்காரர், ஒரு பஞ்சு, இருபது பிள்ளைகள். பாரத மாதா வேஷக்காரியின் கன்னத்தைத் தொட்ட பஞ்சு, ஜான்சி ராணிக்கும் வேலுத்தம்பித் தளவாய்க்கும் அப்படியே போகிறது. தேச ஒற்றுமைக்கு இது நல்ல அடையாளமாக இருக்கலாம், தோலுக்கு நல்லதல்ல. பிள்ளைக்கு ஒரு பஞ்சு வீதம் வீட்டிலிருந்தே கொடுத்தனுப்புங்கள். வீட்டிலும் அக்காள் பஞ்சைத் தங்கை எடுக்கலாகாது. பஞ்சையும் தூரிகையையும் வாரந்தோறும் சோப்பினால் அலசி வெயிலில் காயப்போட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: பூச்சு மறைக்கும், ஆற்றாது. ஆற்றுவதற்கு மருந்து இருக்கிறது. பென்ஸாயில் பெராக்ஸைடு கிருமியை ஒடுக்கும். அடாபலீன் அடைப்பைத் திறக்கும். சாலிசிலிக் அமிலம் லேசான பருக்களுக்கு உதவும். இவற்றை இரவில் மெல்லிசாக, வைத்தியர் சொன்ன அளவில் பூசி, 8 முதல் 12 வாரம் வரை பொறுக்க வேண்டும். பத்து நாளில் பலன் இல்லையென்று டப்பாவை மாற்றுகிறவர்களே களிம்புக்காரர் வலையில் விழுகிறார்கள். ஆழமான கட்டிகள், வடு விழும் பருக்கள், மாதவிடாய்க் கோளாறோடு சேர்ந்து வரும் பருக்கள், இவற்றுக்குத் தாமதமில்லாமல் தோல் வைத்தியரைப் பார்க்க வேண்டும். ஆசாரிப்பள்ளம் சர்க்கார் வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுவதற்கு ஆகும் செலவு, ஒரு பவுண்டேஷன் குப்பியின் விலையைவிடக் குறைவு. பரு தானே ஒருநாள் போகும், வடு போகாது. அந்த ஒரு காரணத்தாலேயே, 'வயசுக் கோளாறு' என்று சொல்லிக் காலங்கடத்தலாகாது என்கிறோம்.

பெற்றோர்களுக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். பெண் பவுண்டேஷன் கேட்கும்போது அவள் கேட்பது பூச்சை மட்டுமல்ல; நாலுபேர் நடுவில் கூசாமல் நிற்க ஒரு வழியையும் கேட்கிறாள். குப்பியை நல்லதாகத் தேர்ந்து கொடுங்கள். கூடவே போய் வெயிலில் நிறம் பாருங்கள். வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். கல்யாண வீட்டில் அத்தை மோவாயைப் பிடிக்க வரும்போது, பெண்ணுக்கு முன்னால் தாயார் ஓரடி எடுத்து வைத்து, "அதற்கு மருந்து போட்டுக்கொண்டிருக்கிறோம் மதினி, இப்போது சாப்பிடப் போகலாம்" என்று சொல்லட்டும். எந்தக் கம்பெனியும் குப்பியில் அடைத்து விற்க முடியாத பூச்சு அது. எந்த நிறத்துக்கும் பொருந்தும், மழையில் கரைவதுமில்லை.